சீசியக் குழாயில் பிறக்கும் விநாடி

அணுக்கற்றைக் குழாய் என்பது காற்றை முழுவதும் உறிஞ்சி வெளியேற்றிவிட்டு மூடிய ஓர் உலோகக் குழாய். அதன் ஒரு முனையில் சீசியம் என்னும் உலோகம் சூடாக்கப்படுகிறது. மறுமுனையை நோக்கி அதன் அணுக்கள் கற்றையாகப் பாய்கின்றன. போகும் வழியில் ஒரு நுண்ணலை அவற்றின் மேல் படுகிறது. அந்த நுண்ணலை விநாடிக்கு 9,192,631,770 முறை அதிர்ந்தால்தான் அணுக்கள் அதற்கு முழுமையாக இணங்கும். 1967 முதல் உலகத்தின் விநாடியை வரையறுப்பது இந்த எண்தான். சிலாங்கூரின் தென்கோடியில், செபாங்கில் இயங்கும் மலேசியத் தேசிய அளவியல் கழகம் நாட்டின் நேரத்தைச் சீசியக் கடிகாரங்களைக் கொண்டு காக்கிறது. கிள்ளான் பள்ளத்தாக்கின் வடகோடியில், சுங்கை பூலோவில் ஒருவர் கைப்பேசியில் பார்க்கும் மணியும், அதன் மூலத்தைத் தேடிப் போனால், ஏதாவதோர் அணுக்கடிகாரத்தில்தான் போய் நிற்கும்.

ஒரு நூற்றாண்டுக்கும் முன்பு மணி வானத்திலிருந்து வந்தது. கோலாலம்பூரிலிருந்து ராவாங்குக்கு 1892இல் ரயில் ஓடத் தொடங்கியது. சுங்கை பூலோ அந்தத் தடத்தில்தான் இருக்கிறது. அப்போது ஊருக்கு ஊர் மணி வேறு. சூரியன் உச்சிக்கு வரும் நேரமே அந்தந்த ஊரின் பன்னிரண்டு மணி. இந்தக் கணக்கில் கோலாலம்பூர் கிரீன்விச்சைவிட 6 மணி 46 நிமிடம் 46 விநாடி முன்னால் இருந்தது. சிங்கப்பூர் 6 மணி 55 நிமிடம் 25 விநாடி முன்னால் இருந்தது. ரயிலும் தந்தியும் பெருகப் பெருக, இடையிலிருந்த எட்டு நிமிடச் சொச்சம் தொல்லையானது. 1901 ஜனவரி 1 முதல் சிலாங்கூர் உள்ளிட்ட கூட்டு மலாய் மாநிலங்கள் சிங்கப்பூர் நேரத்தை ஏற்றுக்கொண்டன. 1905 ஜூன் 1 அன்று, 105 பாகை கிழக்குத் தீர்க்கரேகையை அடிப்படையாகக் கொண்டு, கிரீன்விச்சுக்குச் சரியாக ஏழு மணி நேரம் முன்னால் என்று அது திருத்தப்பட்டது. பகல் வெளிச்சத்தை மிச்சம் பிடிப்பதற்காக 1933இல் இருபது நிமிடம் கூட்டினார்கள். 1941 செப்டம்பரில் மேலும் பத்து நிமிடம். ஜப்பானியர் ஆட்சியில் தோக்கியோ நேரம் வந்தது. கடிகாரங்கள் ஒன்பது மணி நேரம் முன்னால் ஓடின. 1945 செப்டம்பரில் மறுபடியும் ஏழரை. 1982 ஜனவரி 1 அன்று தீபகற்ப மலேசியா கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்து, ஏற்கெனவே எட்டு மணிக் கணக்கில் இருந்த சபா, சரவாக்குடன் ஒன்றானது. பிறந்த ஊரை விட்டு நகராத ஒரு சுங்கை பூலோ வாசியும், நீண்ட ஆயுள் வாய்த்திருந்தால், தம் வாழ்நாளில் ஏழு விதமான மணியைப் பார்த்திருப்பார்.

கடிகாரம் எதைக் காட்டினாலும் தோட்டப்புறத்து வேலை சூரியனை விட்டு விலக முடியவில்லை. 1925இல் நிறுவப்பட்ட மலாயா ரப்பர் ஆராய்ச்சி நிலையம் தன் சோதனைத் தோட்டத்தைச் சுங்கை பூலோவில்தான் அமைத்தது. ரப்பர் மரத்துப் பால் விடியற்காலையில் நன்றாக ஓடும். இரவு முழுவதும் நீர் ஏறி நிற்பதால் பட்டைக்குள்ளிருக்கும் பால் குழாய்களில் அப்போது அழுத்தம் மிகுந்திருக்கும். வெயில் ஏற ஏற இலைகள் நீரை இழக்கும், அழுத்தம் தளரும், பால் சீக்கிரமே நின்றுவிடும். ஆகவே லயத்து வீட்டிலிருந்து பெரட்டு என்னும் காலை ஆள்கணக்குக்கு எத்தனை மணிக்கு வரவேண்டும் என்பதைத் தோட்டக் கணக்கரான கிராணியின் கடிகாரம் சொன்னாலும், பட்டையில் கத்தி வைக்கும் நேரத்தை முடிவு செய்தது சூரியன்தான். தோக்கியோ நேரப்படி காலை ஆறு மணி என்றால், சுங்கை பூலோவின் சூரியக் கணக்கில் அது அதிகாலை மூன்றே முக்கால் மணி. இன்றைய கணக்கிலும் அங்கே உச்சிப்பொழுது பன்னிரண்டு மணிக்கு வருவதில்லை. சராசரியாகப் பகல் 1 மணி 14 நிமிடத்துக்குத்தான் வருகிறது.

இவையெல்லாம் மணியையும் நிமிடத்தையும் பற்றிய மாற்றங்கள். அவற்றுக்கு ஓர் அரசாணை போதும். ஆனால் ஒரு விநாடி எவ்வளவு நீளம் என்பதை எந்த அரசாணையும் தொட்டதில்லை. அக்காலத்தில் அது, பூமியின் சுழற்சியால் அமையும் சராசரிச் சூரிய நாளில் 86,400இல் ஒரு பங்கு. அந்த நாளை அளக்க வானாய்வகம் வேண்டும்; நட்சத்திரம் உச்சிக்கோட்டைக் கடக்கும் கணத்தை இரவுதோறும் குறித்துவைக்க ஆட்கள் வேண்டும். சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792இல் எழுந்த வானாய்வகம் அதற்காகவே தொலைநோக்கியைத் தாங்க ஒரு பெரிய கருங்கல் தூணை நட்டது. தமிழிலும் எழுத்து பொறித்த அந்தத் தூண் இன்றும் வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது. அங்கே கணித்த சென்னை நேரத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்திய ரயில்கள் பின்பற்றின. வானாய்வகம் இல்லாத ஊர்கள் தந்தி வழியாகவோ, துறைமுகத்தில் கம்பத்திலிருந்து இறங்கும் நேரப் பந்தைப் பார்த்தோ மணியைக் கடன் வாங்கின. மலாயா இப்படிக் கடன் வாங்கிய நிலங்களில் ஒன்று. கோலாலம்பூர் பாடாங் திடலின் எதிரே 1897இல் ஒலிக்கத் தொடங்கிய மணிக்கூண்டு ஊருக்கு மணி சொன்னது. அதற்கு மணி சொல்ல வேறொருவர் தேவைப்பட்டார்.

கடன் கொடுத்தவர்களின் கையிருப்பும் உறுதியானதல்ல என்பது 1930களில் தெளிவாயிற்று. குவார்ட்ஸ் படிகத்தின் அதிர்வைக் கொண்டு ஓடிய புதிய கடிகாரங்கள், பூமியின் சுழற்சியே பருவத்துக்குப் பருவம் சற்றுக் கூடிக் குறைவதைக் காட்டிக்கொடுத்தன. கடல் ஏற்றவற்றத்தின் உராய்வால் பூமி மெல்ல மெல்ல வேகம் இழந்துவருவதும் வானியலாளர்களுக்குத் தெரிந்ததே. ஆனால் குவார்ட்ஸையும் அடிப்படையாகக் கொள்ள முடியாது. ஒவ்வொரு படிகமும் வெட்டிய அளவைப் பொறுத்து வேறு வேறு வேகத்தில் அதிரும். வயதாக ஆக அந்த வேகமும் நகர்ந்துவிடும். எந்த நாட்டில் எடுத்தாலும் ஒன்றுபோலவே இருக்கிற, தேயாத, வயதாகாத ஒன்று வேண்டியிருந்தது. அணு அப்படிப்பட்டது.

அணுக்களைக் கற்றையாக ஓடவிடும் கலை கடிகாரத்துக்காகத் தோன்றியதல்ல. 1911இல் பிரான்சின் லூயி துனுவாயே, நல்ல வெற்றிடத்தில் சோடிய அணுக்கள் நேர்கோட்டில் பாய்வதைக் காட்டினார். 1922இல் பிராங்பர்ட்டில் ஓட்டோ ஸ்டெர்னும் வால்டர் கெர்லாக்கும் வெள்ளி அணுக்களின் கற்றையைச் சீரற்ற காந்தப்புலத்தின் ஊடே செலுத்தினார்கள். கற்றை பரவி விரியவில்லை. தெளிவாக இரண்டாகப் பிரிந்தது. அணுவும் ஒரு சிறு காந்தம், அது குறிப்பிட்ட சில நிலைகளில் மட்டுமே நிற்கும் என்பதற்கு அது நேரடிச் சான்று. ஸ்டெர்னிடம் ஹாம்பர்கில் வேலை பார்த்த இசிடோர் ராபி நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குத் திரும்பி, 1930களின் இறுதியில் இந்த முறையை ஒரு படி மேலே கொண்டுபோனார். இரண்டு காந்தங்களுக்கு நடுவே ஒரு வானொலி அலையை வைத்தார். அலையின் அதிர்வெண் அணுவின் இரு நிலைகளுக்கு இடையிலான ஆற்றல் வேறுபாட்டோடு பொருந்தும்போது அணு ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். தாவிய அணுவை இரண்டாவது காந்தம் வேறு பக்கம் திருப்பும். மறுமுனையில் எண்ணிக்கை மாறும். அணுவின் அதிர்வெண்ணை இப்படி அளக்கலாம் என்றால், அதையே கடிகாரத்தின் ஊசலாகவும் கொள்ளலாம். 1945 ஜனவரியில் ஆற்றிய உரை ஒன்றில் ராபி இதை வெளிப்படையாகச் சொன்னார்.

எந்த அணு என்ற கேள்விக்குச் சீசியம் விடையானதற்குக் காரணங்கள் உண்டு. இயற்கையில் கிடைக்கும் சீசியம் முழுவதும் ஒரே ஐசோடோப்பு, சீசியம்-133. பிரித்தெடுக்கும் வேலை இல்லை. அது கனமான அணு, ஆகவே மெதுவாக நகரும்; மெதுவாக நகர்வதால் அலையோடு கூடுதல் நேரம் இருக்கும். வெளிச்சுற்றில் ஒற்றை எலெக்ட்ரான் மட்டுமே உண்டு. சூடான உலோகப் பட்டையைத் தொட்டதும் அதை இழந்து அயனியாகிவிடுவதால் ஒவ்வோர் அணுவையும் மின்னோட்டமாக எண்ணிவிடலாம். 28.4 பாகை செல்சியஸில் உருகிவிடும் உலோகம் அது: கிள்ளான் பள்ளத்தாக்கின் பகல் சூட்டில், முத்திரையிட்ட கண்ணாடிக் குமிழுக்குள் பொன்னிறத் திரவமாகவே இருக்கும். கற்றைக்கு வேண்டிய ஆவியைப் பெற அதை 100 பாகைக்குப் பக்கத்தில் சூடாக்கினால் போதும். இன்னொரு காரணம் போரால் வந்தது. சீசியத்தின் அதிர்வெண்ணுக்குரிய அலையின் நீளம் சுமார் 3.26 சென்டிமீட்டர். இரண்டாம் உலகப் போரின் ராடார் வேலை அந்த அலைவரிசைக்கான கருவிகளை ஏற்கெனவே ஆய்வகங்களில் குவித்திருந்தது.

தடையாக இருந்தது கோட்டின் அகலம், அதாவது அணு இணங்கும் அதிர்வெண் வரம்பின் அகலம். அணு அலையோடு எவ்வளவு நேரம் இருக்கிறதோ அவ்வளவு கூர்மையாக அதன் அதிர்வெண்ணை அறியலாம். அதற்காக அலை நிரம்பிய பகுதியை நீட்டிக்கொண்டே போனால், அந்த நீளம் முழுவதும் காந்தப்புலத்தையும் அலையையும் சீராக வைத்திருப்பது நடவாத காரியம். 1949இல் ஹார்வர்டின் நார்மன் ராம்சே அழகான ஒரு வழி கண்டார். நீண்ட ஒரே பகுதிக்குப் பதில், ஒரே மூலத்திலிருந்து அலை பெறும் இரண்டு சிறிய பகுதிகளை இரு முனைகளிலும் வைத்து, நடுவில் அணுவைச் சும்மா பறக்கவிட்டார். முதல் பகுதி அணுவை ஆடவிடுகிறது. நடுவழியில் அணு தன் போக்கில் ஆடிச் செல்கிறது. இரண்டாம் பகுதியில் அந்த ஆட்டமும் அலையும் இன்னும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கப்படுகிறது. ஒன்றாக மணி திருத்திய இரண்டு கைக்கடிகாரங்களை உடனே ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியாது, மாதம் கழித்து ஒப்பிட்டால் தெரியும் என்பதைப் போன்றதுதான் இது. இரு பகுதிகளுக்கும் இடைவெளி கூடக் கூடக் கோடு மெலியும். அணுவின் வேகத்தை அந்த இடைவெளியின் இருமடங்கால் வகுத்தால் கோட்டின் அகலம் ஏறக்குறையக் கிடைக்கும். விநாடிக்கு 200 மீட்டர் வேகத்தில் பாயும் அணுவுக்கு அரை மீட்டர் இடைவெளி 200 ஹெர்ட்ஸ் அகலத்தைத் தரும். ஒன்பது பில்லியனுக்கு மேற்பட்ட அதிர்வில் வெறும் இருநூறு. சீசியக் கற்றைக் கடிகாரங்கள் பெரும்பாலும் ராம்சேயின் இந்த ஏற்பாட்டில்தான் நிற்கின்றன. 1989இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அமெரிக்கத் தேசியத் தரநிலை அலுவலகத்தில் ஹரால்டு லயன்ஸ் 1949இல் அம்மோனியா வாயுவைக் கொண்டு ஒரு கடிகாரத்தை அறிமுகப்படுத்தினார். அது நல்ல குவார்ட்ஸ் கடிகாரத்தைத் தாண்டவில்லை. அவருடைய குழு சீசியக் கற்றைக்கு மாறி, 1950களின் தொடக்கத்திலேயே கோட்டைக் கண்டுவிட்டது. ஆனால் நிதியும் இடமாற்றமும் குறுக்கிட்டதில் வேலை தேங்கியது. முந்திக்கொண்டவர்கள் இங்கிலாந்தின் டெடிங்டனில் இருந்த தேசிய இயற்பியல் ஆய்வகத்து லூயி எஸ்ஸனும் ஜாக் பாரியும். எஸ்ஸன் குவார்ட்ஸ் கடிகாரத்தில் தேர்ந்தவர். குவார்ட்ஸின் குறையை அவரைவிட நன்றாக அறிந்தவர்கள் குறைவு. 1955 ஜூனில் அவர்களுடைய சீசியக் கற்றைக் கருவி இயங்கத் தொடங்கியது. பம்புகள் ஓயாமல் ஓட, ஓர் அறையை அடைத்துக்கொண்டு நின்ற அந்தக் கருவி, நூறு கோடியில் ஒரு பங்கு துல்லியத்தைக் காட்டியது. அதாவது முப்பது ஆண்டில் ஒரு விநாடி பிசகும். வாஷிங்டன் கடற்படை வானாய்வகத்தில் வில்லியம் மார்கோவிட்ஸ் நிலாவைப் படமெடுத்து அதன் இயக்கத்திலிருந்து விநாடியைக் கணித்துக்கொண்டிருந்தார். டெடிங்டனும் வாஷிங்டனும் ஒரே வானொலிச் சைகைகளைக் கேட்டு, மூன்றாண்டுக் காலம் தங்கள் கணக்குகளை ஒப்பிட்டு, 1958இல் வெளியிட்ட எண்தான் 9,192,631,770. தங்கள் கணக்கில் 20 ஹெர்ட்ஸ் வரை பிழை இருக்கலாம் என்று அவர்களே குறித்திருந்தார்கள். பிசகுக்கு முக்கியக் காரணம் நிலாவை அளந்த பக்கம். சீசியத்தின் பக்கம் அல்ல. 1967 அக்டோபரில் பதின்மூன்றாம் அளவைகள் பொது மாநாடு அந்த எண்ணை அப்படியே வரையறையாக்கியது.

டெடிங்டனின் கருவி உலகுக்கு விநாடியைத் தந்தது; ஆனால் அது ஓர் ஆய்வகத்தின் உடைமை. அதைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. செபாங் போன்ற இடத்துக்கு விநாடி வந்து சேர்ந்த பாதை வேறோர் இடத்தில் தொடங்கியது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஜெரால்டு சக்கரியாஸ் 1950களின் முற்பகுதியில் ஒரு துணிச்சலான காரியத்தில் இறங்கியிருந்தார். சீசிய அணுக்களைச் செங்குத்தாக மேலே எறிந்து, ஏறும்போது ஒருமுறையும் இறங்கும்போது ஒருமுறையும் அலையில் படச் செய்வது அவர் திட்டம். மலையுச்சியில் ஒரு கடிகாரமும் பள்ளத்தாக்கில் ஒரு கடிகாரமும் வைத்து, உயரத்தில் நேரம் விரைவாக ஓடும் என்ற ஐன்ஸ்டைனின் கூற்றைச் சோதிக்க நினைத்தார். திட்டம் பலிக்கவில்லை. மேலே போய்த் திரும்பும் அளவு மெதுவான அணுக்களை, உலையின் வாயிலேயே வேகமான அணுக்கள் மோதித் தள்ளிவிட்டன. ஆனால் அதே நேரத்தில் அவர் கையில் சிறியதொரு கிடைக்கற்றைக் கடிகாரமும் இருந்தது. அதை விற்பனைப் பொருளாக்கலாம் என்று அவர் கண்டார். மால்டனில் இருந்த நேஷனல் என்ற வானொலிக் கருவி நிறுவனம் அந்தப் பணியை ஏற்றது.

இங்குதான் அணுக்கற்றைக் கருவி அணுக்கற்றைக் குழாய் ஆனது. ஆய்வகக் கருவியில் வெற்றிடத்தைப் பம்புகள் இரவும் பகலும் காக்கும். யாராவது அருகிலேயே இருந்து கவனித்துக்கொள்ள வேண்டும். வாங்கியவரின் அறையில் அது நடக்காது. தொழிற்சாலையிலேயே காற்றை உறிஞ்சி, வாயை மூடி, அதன்பின் உள்ளே கசியும் எச்சவாயுவைக் குழாயே விழுங்கிக்கொள்ளும்படி செய்தாக வேண்டும். டைட்டேனியப் பரப்பில் வாயுவைப் பிடித்துவைக்கும் முறை இதற்குக் கைகொடுத்தது. 1956 அக்டோபரில் நியூயார்க்கில் வெளியான அந்தக் கடிகாரத்துக்கு அட்டமிக்ரான் என்று பெயர். ஏழு அடி உயரம், 500 பவுண்டு எடை, விலை 50,000 டாலர். ஐம்பது அளவில் விற்றது. வாங்கியவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கப் படைத்துறையினர். 1958இல் இரண்டு அட்டமிக்ரான்கள் டெடிங்டனுக்கே கொண்டுசெல்லப்பட்டு எஸ்ஸனின் கருவியோடு ஒப்பிடப்பட்டன. வேறு வேறு கைகள், வேறு வேறு முறையில் கட்டியவை ஏறத்தாழ ஒரே அதிர்வெண்ணைச் சொன்னது சீசியத்தின் மீது உலகுக்கு நம்பிக்கையை ஊட்டியது. இந்த வரலாற்றில் 1955ஆம் ஆண்டுக்குக் கிடைக்கும் புகழில் ஒரு பங்கு இந்த ஒப்பீட்டுக்கும் சேரவேண்டும்.

ஏழு அடி அலமாரி அடுத்த எட்டாண்டுகளில் மேசைமேல் வைக்கும் பெட்டியாகச் சுருங்கியது. மாசசூசெட்ஸின் பெவர்லியில் இருந்த போமாக் ஆய்வகம் குட்டையான குழாய்களைச் செய்துகாட்டியது. 1964இல் கலிபோர்னியாவின் ஹியூலெட்-பேக்கர்டு நிறுவனம் லியோனார்டு கட்லர், ஆலன் பாக்லி ஆகியோரின் உழைப்பில் 5060ஏ என்ற கடிகாரத்தை வெளியிட்டது. அதன் குழாய் ஒன்றரை அடிக்கும் குறைவு.

அந்தக் குழாயைப் பிளந்து பார்த்தால் கைவேலையின் நுட்பம் தெரியும். ஒரு முனையில் சில கிராம் சீசியம் கொண்ட சிற்றுலை. அதன் வாயில் நெருக்கமாக அடுக்கிய மெல்லிய துளைகள். நேராக வரும் அணு மட்டுமே வெளியேறும். அடுத்து முதல் காந்தம். அது வேண்டிய நிலையில் உள்ள அணுக்களை ஒரு பக்கம் வளைத்து அனுப்பும். மற்றவை ஓரத்தில் வைத்துள்ள கிராபைட்டில் மோதி அங்கேயே ஒட்டிக்கொள்ளும். பிறகு U வடிவில் வளைந்த நுண்ணலை அறை. அதன் இரு கைகளும் ராம்சேயின் இரண்டு பகுதிகள். கற்றை இரண்டு கைகளின் நுனியையும் துளைத்துக்கொண்டு போகும். இந்தப் பகுதி முழுவதையும் மென்மையான, சீரான ஒரு காந்தப்புலம் தழுவியிருக்கும். பூமியின் காந்தமோ பக்கத்து மோட்டாரோ அதைக் குலைத்துவிடாதபடி நிக்கல் கலந்த உலோக உறைகள் ஒன்றுக்குள் ஒன்றாகச் சுற்றியிருக்கும். கடைசியில் இரண்டாவது காந்தம். அதற்கப்பால் செஞ்சூட்டில் இருக்கும் உலோகப் பட்டை. நிலை மாறிய அணுக்கள் பட்டையில் பட்டு அயனியாகும். பட்டை உமிழும் மாசு அயனிகளை ஒரு சிறு நிறைப்பிரிப்பி விலக்கும். எலெக்ட்ரான் பெருக்கி மீதியை அளக்கக்கூடிய மின்னோட்டமாக்கும். மூலையில் உள்ள அயனிப் பம்பு வெற்றிடத்தைக் காக்கும்.

குழாய் தானே துடிப்பதில்லை. துடிப்பது வெளியே இருக்கும் குவார்ட்ஸ் படிகம். அதன் அதிர்வைப் பெருக்கி நுண்ணலையாக்கிக் குழாய்க்குள் செலுத்துகிறார்கள். அந்த அலையைக் கோட்டின் இரு பக்கமும் சற்றே அசைத்துப் பார்க்கிறார்கள். இரு பக்கமும் மின்னோட்டம் சமமாக இருந்தால் படிகம் சரியான இடத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் கூடினால் மின்சுற்று படிகத்தை இழுத்துத் திருத்தும். வயதாகும் படிகத்தை வயதாகாத அணுவிடம் நொடிதோறும் கணக்கு ஒப்படைக்க வைப்பதுதான் சீசியக் கடிகாரத்தின் முழு வேலையும்.

சிறுத்த கடிகாரம் பயணம் செய்ய முடிந்தது. 1964இல் ஹியூலெட்-பேக்கர்டின் பொறியாளர்கள் ஓடிக்கொண்டிருக்கும் கடிகாரங்களைச் சாதாரண பயணிகள் விமானத்தில் ஏற்றிச் சுவிட்சர்லாந்தின் நியூஷாட்டெல் வரை கொண்டுபோய், இரு கண்டங்களின் மணியை நேருக்கு நேர் ஒப்பிட்டார்கள். அடுத்த ஆண்டின் பயணம் ஆசியா வரை நீண்டது. வானொலிச் சைகையில் ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடிவரை இருந்த ஐயம், விமானத்தில் போன கடிகாரத்தால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கியது. 1971 அக்டோபரில் ஹேஃபல், கீட்டிங் என்ற இரு ஆய்வாளர்கள் இதே வகையைச் சேர்ந்த நான்கு கடிகாரங்களோடு உலகைக் கிழக்காக ஒருமுறையும் மேற்காக ஒருமுறையும் சுற்றினார்கள். கிழக்கே போனவை 59 நானோவிநாடி இழந்தன. மேற்கே போனவை 273 நானோவிநாடி கூடுதலாக ஓடின. மலையுச்சியில் சோதிக்கச் சக்கரியாஸ் கனவு கண்டதை விமான இருக்கையில் வைத்தே காட்டிவிட்டது அந்தக் குழாய். 1977இல் அது சுற்றுப்பாதைக்கும் போனது. ஜிபிஎஸ் திட்டத்துக்கு முன்னோடியான என்டிஎஸ்-2 செயற்கைக்கோளில் சீசியக் கடிகாரம் ஏற்றப்பட்டது.

வானாய்வகப் பரம்பரை இல்லாத நாடுகளும் தங்களுக்கென்று விநாடியை வைத்துக்கொள்ள முடிந்தது இந்தக் குழாயால்தான். இந்தியாவில் புதுதில்லித் தேசிய இயற்பியல் ஆய்வகம் அந்தப் பொறுப்பை ஏற்றது. விருதுநகர் மாவட்டத்து வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன் அதன் முதல் இயக்குநர். அவர் காலத்திலேயே, 1959இல், ஏடிஏ என்ற நேரச் சைகை வானொலி அங்கிருந்து ஒலிக்கத் தொடங்கியது. பின்னாளில் அந்த ஆய்வகத்தின் நேரம் சீசியக் கடிகாரங்களுக்கு மாறியது. மலேசியாவில் 1975இல், ஷா ஆலாமைத் தலைமையிடமாகக் கொண்ட சிரிம் என்ற தர ஆய்வு நிறுவனம் உருவானது. அதன் அளவியல் பிரிவு வளர்ந்து செபாங்கின் ஆய்வகமானது. மணி எத்தனை என்பதை நாடாளுமன்றம் முடிவு செய்தது: எட்டு மணிக் கணக்கு 1981ஆம் ஆண்டின் சட்டத்தால் வந்தது. விநாடி எவ்வளவு என்பதைச் செபாங்கின் சீசியம் சொல்கிறது. தேசிய அளவைத் தரநிலைகளுக்கு 2007ஆம் ஆண்டின் தேசிய அளவை முறைச் சட்டம் அடித்தளம் இட்டது.

இவ்வளவு துல்லியம் யாருக்கு வேண்டும் என்ற கேள்விக்குத் தொலைபேசி முதலில் பதில் சொன்னது. எண்முறைத் தொலைபேசியில் பேச்சு விநாடிக்கு 8,000 கட்டுகளாக, ஒவ்வொன்றும் 125 மைக்ரோவிநாடி நீளமாக வெட்டி அனுப்பப்படுகிறது. இரண்டு நாடுகளின் தலைமைக் கடிகாரங்கள் சிறிது விலகினாலும் நாளடைவில் ஒரு கட்டு நழுவிவிடும். தலைமைக் கடிகாரம் ஒவ்வொன்றும் பத்தாயிரம் கோடியில் ஒரு பங்குக்கு மேல் பிசகக் கூடாது என்று பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் விதித்தது. அப்படியிருந்தால் 72 நாளுக்கு ஒரு முறைதான் நழுவல் நேரும். அந்த அளவைத் தானாகவே, வெளித்துணை இல்லாமல் எட்டக்கூடியது சீசியக் கற்றைக் கடிகாரம்.

சுங்கை பூலோவும் இதற்கிடையில் மாறிவிட்டது. ரப்பர் ஆராய்ச்சி நிலையத்தின் நிலத்தில் குவாசா டாமன்சாரா என்ற புதிய நகரம் எழுகிறது. 2016 டிசம்பர் 16 அன்று கிள்ளான் பள்ளத்தாக்கின் முதல் எம்.ஆர்.டி. ரயில் சுங்கை பூலோவிலிருந்து செமந்தான் வரை ஓடியது. ஓட்டுநர் இல்லாமல் கணினிக் கட்டுப்பாட்டில் ஓடும் ரயில் அது. பதினாறு நாள் கழித்து, 2017 ஜனவரி 1 அன்று, இதுவரை கடைசியான கூடுதல் விநாடி வந்தது. அணுக்கடிகாரத்தைவிடப் பூமி பின்தங்கும்போது ஈடுகட்டச் சேர்க்கப்படும் விநாடி இது. 1972 முதல் 27 முறை சேர்க்கப்பட்டது. உலகப் பொதுநேரத்தின் நள்ளிரவில் சேர்ப்பதால், மலேசியாவில் அது காலை எட்டு மணிக்கு வரும். அன்று காலை 7 மணி 59 நிமிடம் 59 விநாடிக்கும் எட்டு மணிக்கும் இடையே, 60 என்று எண்ணிட்ட ஒரு விநாடி இருந்தது. இந்த ஏற்பாட்டை 2035க்குள் மாற்றுவதென்று 2022ஆம் ஆண்டின் பொது மாநாடு தீர்மானித்துள்ளது.

அணுவுக்கு வயதில்லை என்றாலும் குழாய்க்கு உண்டு. சீசியம் தீரும், கிராபைட் நிரம்பி, ஒட்டாத அணுக்கள் உள்ளே அலையும், எலெக்ட்ரான் பெருக்கி தளரும், கோட்டின் உயரம் குறைந்து இரைச்சல் ஏறும். கற்றையை அடர்த்தியாக ஓடவிடும் உயர்திறன் குழாய் சீக்கிரம் தீரும். அடக்கமாக ஓடும் சாதாரணக் குழாய் பத்தாண்டையும் தாண்டி உழைக்கும். தீர்ந்தபின் பெட்டியை வைத்துக்கொண்டு குழாயை மட்டும் மாற்றுவது இந்தத் தொழிலின் வழக்கம். குழாய் செய்யத் தெரிந்த தொழிற்கூடங்கள் உலகில் மிகச் சிலவே. ஹியூலெட்-பேக்கர்டின் சீசியத் தொழில் அஜிலன்ட் வழியாக 2005இல் சிமெட்ரிகாமுக்கும், பிறகு மைக்ரோசெமிக்கும், 2018இல் மைக்ரோசிப்புக்கும் கைமாறியது. குழாய் செய்யும் கைவேலை மட்டும் பெவர்லியில் தொடர்கிறது.

சக்கரியாஸின் செங்குத்துத் திட்டம் லேசர் ஒளியால் அணுக்களைக் குளிர்வித்து மெதுவாக்கத் தெரிந்தபின் பலித்தது. 1990களில் பாரிசில் முதல் சீசிய ஊற்றுக் கடிகாரம் இயங்கியது. கோட்டின் அகலம் ஏறத்தாழ ஒரு ஹெர்ட்ஸாகக் குறைந்தது; அளவைகளின் உச்சியிலிருந்து கற்றைக் குழாய் இறங்கியது. ஆயினும் ஊற்றுக் கடிகாரம் ஆய்வகத்தை நிறைக்கும் கருவி. ஆண்டு முழுவதும் நிற்காமல் ஓடவைப்பது எளிதல்ல. அன்றாடம் நேரத்தைச் சுமப்பவை இன்றும் மூடிய குழாய்கள்தாம். 1990களின் தொடக்கத்தில் வந்த 5071ஏ என்ற கற்றைக் கடிகாரம் உலகின் நேர ஆய்வகங்கள் பலவற்றிலும் காணக்கிடைப்பது. எண்பதுக்கும் மேற்பட்ட ஆய்வகங்களில் உள்ள நானூற்றுக்கும் மேற்பட்ட கடிகாரங்களின் கணக்கைப் பாரிசுக்கு அருகே செவ்ரில் உள்ள பன்னாட்டு எடை அளவை அலுவலகம் சேர்த்து உலகப் பொதுநேரத்தை உருவாக்குகிறது. அந்தப் பட்டியலில் மலேசிய ஆய்வகத்தின் குறியீடு என்எம்எல்எஸ், ஊர் செபாங். செயற்கைக்கோள் வழியாக ஒப்பிட்டு, உலக நேரத்திலிருந்து செபாங் எத்தனை நானோவிநாடி விலகி நின்றது என்பது ஐந்து நாளுக்கு ஒரு வரியாக மாதந்தோறும் அந்த அலுவலகத்தின் அறிக்கையில் வெளியாகிறது.